சிங்கத்தோல் போர்த்திய மந்திரி

நான்காம் வகுப்பில், பழைய ஆங்கிலக் கேலிச்சித்திரங்களின் கண்காட்சிக்குப் போகத் துணைக்கு ஒரு பெற்றோர் வேண்டும் என்று ஆசிரியை கடிதம் கொடுத்தனுப்பினார். நாங்கள் குடியிருந்த ஷாஃப்ஹவுசன் நகரில் மற்றப் பெற்றோருக்கெல்லாம் பகலில் வேலை. அப்பாவுக்கு உணவகச் சமையலறையில் மாலையில்தான் வேலை தொடங்கும். கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் பேசும் அரைகுறை ஜெர்மனை நினைத்து, எனக்கொரு சின்னக் காய்ச்சலாவது வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை. அப்பா கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட்டோடு வந்து நின்றார்.

முதல் படத்தில், சிங்கத்தோல் போர்த்திய ஒரு பருத்த மனிதர் ஒன்பது தலைப் பாம்பின் மேல் தடியை ஓங்கிக்கொண்டிருந்தார். அவர் இருநூறு வருடங்களுக்கு முந்தைய இங்கிலாந்து மந்திரி என்றும், ஓவியர் அவரைக் கிரேக்கப் புராணத்து வீரன் ஹெர்குலிஸாக ஆக்கியிருக்கிறார் என்றும், பாம்பின் தலைகள் எதிர்க்கட்சிக்காரர் என்றும் வழிகாட்டி விளக்கினார்.

"இது புகழ்ச்சியா, கேலியா?" என்று அவர் கேட்க, "புகழ்ச்சி" என்றான் வகுப்பின் கெட்டிக்காரன்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எல்லோரும் திரும்பினார்கள். எனக்குக் காது சுட்டது. என்னவென்று ஆசிரியை மரியாதையாகக் கேட்க, அப்பா என்னிடம் தமிழில் சொன்னார்.

"காலைப் பார் பிள்ளை. வீரனுக்குப் பட்டுக் காலுறை எதுக்கு? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டெல்லோ தடியை ஓங்கிறார். அந்தக் கடைசித் தலை கொட்டாவி விடுது!"

நான் ஜெர்மனில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. வழிகாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மூன்று கிழமையாக இந்தப் படத்தை விளக்குகிறாராம், கொட்டாவியைக் கண்டதில்லையாம். பிறகு ஒவ்வொரு படத்தின் முன்னும் பிள்ளைகள் வழிகாட்டியை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். இடியை ஏந்திய தேவராசனாக வந்த அரசனுக்குத் தன் விரல்களே சுடுவதையும் அப்பாதான் கண்டுபிடித்தார். "உன் அப்பா இப்ப என்ன சொல்கிறார்?" என்று தோழிகள் என் சட்டையை இழுத்தார்கள். நான் கொஞ்சம் காக்கவைத்தே மொழிபெயர்த்தேன். அன்று அந்த மண்டபத்தில் என்னளவு உயரமான பிள்ளை யாருமில்லை.

புறப்படும்போது அப்பா தானே ஜெர்மனில் ஒன்று கேட்டார்: இந்தப் படங்களையெல்லாம் கீறியவரை அந்தப் பெரிய மனிதர்கள் என்ன செய்தார்கள்?

ஒன்றும் செய்யவில்லை, கடையின் கண்ணாடிச் சன்னலில் தொங்கிய படத்தை மந்திரியே ஆளனுப்பி வாங்கினார் என்று வழிகாட்டி சிரித்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "வடிவாக் கேட்டுச் சொல்லு பிள்ளை. ஒண்டுமே செய்யேல்லையோ?"

"ஓம் அப்பா. ஒண்டும் செய்யேல்லையாம்."

அவர் திரும்பிப் போய் அந்த மந்திரியின் முன்னால் நின்றார். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகைக்கு அப்பாவும் படம் கீறியவர் என்பதும், பெரிய மனிதர் ஒருவரைப் பத்துத் தலை இராவணனாகக் கீறிய கிழமையே நாட்டைவிட்டு ஓடவேண்டி வந்தது என்பதும் பத்து வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று நான், "வாங்கோ அப்பா, எல்லாரும் போயிட்டினம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.