கருவாட்டுக் குழம்பும் காந்தமும்

லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி அறையில், கேக்கும் சாக்லேட்டும் சிப்ஸும் நிறைந்த தட்டை என் முன்னால் வைத்து, "சாப்பிடாதீர்கள், சும்மா பாருங்கள்" என்றார்கள். போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும் விடாமல் பரிமாறும் உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு இது எப்படி இருக்கும்! நான் இங்கே நர்ஸ். அன்றைக்கோ நோயாளி. அளவில்லாமல் தின்பதும், தின்றதை உடனே வாந்தி எடுப்பதும்தான் என் நோய். தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டினால் அந்த வெறி அடங்குமா என்று அங்கே ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை என்றதும் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"ஆசை எவ்வளவு?" என்று டாக்டர் ஹெலன் காகிதத்தில் ஒரு கோட்டைக் காட்டிப் புள்ளி வைக்கச் சொன்னார். தொடக்கத்திலேயே புள்ளி வைத்தேன்: துளியும் இல்லை. இயந்திரத்தைப் போடுமுன்பே குணமாகிவிட்ட நோயாளியைப் பார்த்து அவர் முழித்தார். கேக் என்னை ஒன்றும் செய்யாது, சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும்தான் ஆட்டிவைக்கும் என்று விளக்கினேன். "அப்படியானால் அதைக் கொண்டு வாருங்கள்" என்றார், பாவம். மறுநாள் நான் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து அறைக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். "மீன் கெட்டுப்போய்விட்டதோ?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். "இல்லை, அது அப்படித்தான்" என்றேன். சிரிப்பு அதோடு சரி. புள்ளி கோட்டின் மறுமுனைக்குப் போனது. நெற்றியோரம் வைத்த சுருள் டக்டக்கென்று தட்டியது. ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்குச் சத்தம் மட்டும் போடும் போலிச் சுருளை வைப்பார்களாம்; எனக்கு வைத்தது நிஜமா, போலியா என்று ஆராய்ச்சி முடியும்வரை சொல்ல மாட்டார்களாம். எதுவோ, வெறி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது. ஆனால் வீட்டில் தனியாகச் சாப்பிட இன்னும் பயமாகவே இருந்தது.

மானாம்பதியில் இருக்கும் அம்மாவிடம் சொல்வதுதான் பெரும்பாடு. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு எனக்குச் சோறு போட்டவள். அந்தச் சோற்றை வாந்தி எடுக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு அவளுடைய செல்போனுக்கு அடித்தேன். காந்தத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"காந்தமா? உன் தலையில இன்னா இரும்பா கீது?"

மீதியையும் சொன்னேன்.

"வேணும்னே வாந்தி எடுக்கிறியாடி?"

"நிறுத்த முடிலம்மா. துன்னு முடிச்ச ஒடனே பயம் வந்துடுது."

"எம்மா நேரம் இருக்கும் அந்தப் பயம்?"

"ஒரு அரை மணி நேரம்."

"அவ்ளோதான? நீ துன்னு. நான் லைன்லயே கீறேன்."

சாப்பிட்டேன். குழாயடிச் சண்டையில் யார் யார் முடியைப் பிடித்தார்கள் என்பதுவரை அம்மா விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அங்கே பொழுது சாய்ந்திருந்தது. உத்திரமேரூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. அரை மணிக்கு மேலேயே ஆகியிருக்கும். எச்சில் கை லண்டனில் காய்ந்துகொண்டிருந்தது, காது மானாம்பதியில் இருந்தது. சோறு வயிற்றிலேயே இருந்தது.