ஒன்றே ஒன்று விற்றவர்

ஒரு செவ்வாய்க்கிழமை, புதுச்சேரி போக்குவரத்து அலுவலக வாசலில் அவரைப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க வந்திருந்தார். புதுப்பிப்பு கிடைக்காவிட்டால் இனி அதை ஓட்ட முடியாது. நிமிடத்துக்கொரு முறை கைக்குட்டையால் டேங்கைத் துடைத்தார்.

அந்த மாடல் வண்டியின் வரலாற்றைத் தேதிவாரியாகச் சேகரிப்பவன் நான். “பெட்ரோல் ரொம்பக் குடிக்கும்னுதான் யாரும் வாங்கலையாமே?” என்றேன்.

“என்கிட்டயே சொல்றீங்களா? அந்தக் காலத்துல ஷோரூம்ல அத விக்கிற வேலையே எனக்குத்தான் சார். தொண்ட கிழியப் பேசி ஒன்னே ஒன்னு வித்தேன்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

ஆய்வாளர் வந்தார். மூன்றாவது உதையில்தான் இன்ஜின் பிடித்தது. ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்துக் கிடைத்தது.

அந்த மகிழ்ச்சியில் சாவியை என்னிடம் நீட்டினார். “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க.”

கடலூர் சாலையில் போய் வந்ததும் விலை கேட்டேன்.

“விக்கிறதுக்கில்ல சார்” என்று சிரித்தார். ஒருவர் விலை கேட்டுவிட்ட சந்தோஷம்தான் அது என்று இன்றும் நினைக்கிறேன்.