கலந்துபோன எல்லை

என் நாத்தனார் காந்தத்தைக் கையால் தொட்டு வேலை செய்தவள் இல்லை. அவளுக்கு எல்லாம் கணினியில்தான். எலக்ட்ரானுக்குச் சுழற்சி என்று ஒன்று உண்டு, மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ. காந்தத்திலிருந்து வேறோர் உலோகத்துக்குள் மின்னோட்டம் தாண்டும்போது அந்த ஒரே திசைச் சுழற்சி எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வாள். அவள் சொன்ன எண்ணை நம்பி ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில், மெல்லிய உலோகப் படலங்கள் செய்யும் படலக்காரர் இரண்டு ஆண்டுகளாக, வெற்றிடக் கலத்துக்குள் அணு வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். எண் மெய்யானால் இருவருக்கும் வேலை நீடிக்கும். இல்லையென்றால் வேலையோடு அவள் விசாவும் போய்விடும்; இந்த நாட்டில் இருக்கவும் விடமாட்டார்கள்.

அளந்தபோது அவள் சொன்ன எண்ணில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

"உங்க கணக்கு சொர்க்கத்துல போட்டது போலிருக்கு," என்றாராம் படலக்காரர். "என் படலம் பூமியிலதாம்மா இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் கணக்கில் காந்தம் ஒரு கோட்டோடு நின்றுவிடும். அடுத்த வரிசையில் மற்ற உலோகம் தொடங்கும், கத்தியால் வெட்டிய மாதிரி. முதலில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். எல்லையில் அணுக்கள் கலந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணினி வாரக்கணக்கில் ஓட வேண்டும் என்பதால் தள்ளிப்போட்டிருந்தாள்.

இப்போது ஓட்டினாள். சாப்பிடும்போதும் எங்களோடு இல்லை. "தட்டுல இருக்கறது எலக்ட்ரான் இல்லடி, சாப்பாடு," என்று அவள் அண்ணன் சீண்டியும் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"கணக்கு ஒத்துப்போச்சு அண்ணி."

"அப்பாடா! அப்புறம் ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு?"

"ரெண்டே வரிசை கலந்தாலே சுழற்சி அங்கேயே குழம்பிப்போகுது. அவர் அளந்ததுதான் சரி. இந்த ரெண்டு உலோகமும் எப்படி வெச்சாலும் கலக்கும். ஒண்ணும் செய்ய முடியாது."

மறுநாள் முதலில் படலக்காரரிடம்தான் போய்க் காட்டினாள். அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாராம். "அழகா வந்திருக்கும்மா. இதை அப்பவே காட்டியிருந்தா நான் வேற உலோகத்தை எடுத்திருப்பேனே."

"திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் அண்ணி," என்றாள் வீட்டுக்கு வந்து.

ஆய்வுத் திட்டத்தை மூடிவிட்டார்கள். படலக்காரர் கண்ணாடிக்குப் பூச்சுப் பூசும் ஆலையொன்றில் சேர்ந்துவிட்டார். அவள் கட்டுரையாக வெளியிட்ட அந்தக் கணக்கைப் பல நாடுகளில் மேற்கோள் காட்டுகிறார்களாம். விசா முடிவதற்குள் வேறு இடம் கிடைக்க வேண்டுமென்று நாத்தனார் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பங்கள் எழுதுகிறாள். செய்தவற்றில் சிறந்தது எது என்று கேட்கும் இடத்தில் வேறு எதையோ எழுதுகிறாள்.

"அந்தக் கட்டுரையைப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"வேணாம் அண்ணி, அது அவரோட ரெண்டு வருஷம்," என்று அடுத்த பக்கத்துக்குப் போனாள்.