சிஸ்டம் போட்ட வெள்ளிக்கிழமை

என் கணவர் ஷார்ஜாவுக்குப் போன இரண்டாவது வருடம், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

நாங்கள் அப்போது கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் மாமியாரும். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கணவர் அந்த ஊரிலேயே ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மில்லில் ஷிஃப்டைக் குறைக்க ஆரம்பித்ததும் ஏஜென்ட் ஒருவர் மூலமாக விசா வாங்கிக்கொண்டு கிளம்பினார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் அவர் செய்த கடைசிக் காரியம் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியது. காக்களூரில் ஒரு சின்ன கம்பெனியை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆபீசில் கிடந்ததை வாங்கி, பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். பெரிய டிவிப் பெட்டி மாதிரி மானிட்டர். அதைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மற்றப் பெட்டியைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இறக்கியபோது தொடை இரண்டும் மரத்துப்போய் நடக்க முடியவில்லை.

நான் கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்பிங் கற்றவள். பொன்னேரியில் ஒரு பிரஸ்ஸுக்குக் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் வீட்டிலிருந்தே அடித்துக் கொடுப்பேன். பிரஸ்ஸின் பென் டிரைவ் வந்து போய்க்கொண்டிருந்தது. அதில்தான் வைரஸ் ஏறியிருக்க வேண்டும். முதலில் ஒரு எழுத்தை அடித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரையில் வந்தது. பிறகு ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் முளைத்தது. கடைசியில் பாதி வேலையில் தானாகவே அணைந்து அணைந்து எழ ஆரம்பித்தது. தை மாதக் கல்யாணங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த நேரம். கடையில் விட்டால் ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது அவரிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் எப்படி நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் அத்தைதான் எடுப்பார். சாப்பிட்டாயா, தூங்கினாயா, சளி விட்டதா என்று கேட்பார். அவர் பிள்ளை, கேட்க உரிமை இருக்கிறது. எல்லாம் முடிந்து போன் என் கைக்கு வரும்போது அவர் வாங்கிய போன் கார்டில் மிச்சமிருப்பது ஒரு வாய்ப் பேச்சு. அத்தையும் பக்கத்திலேயே இருப்பார். பணம் வந்தது, கேஸ் புக் பண்ணியாச்சு, கரண்ட் பில் கட்டியாச்சு என்று நான் சொல்வேன். கணவர் சரி சரி என்பார். வைத்துவிடுவார். வைத்த பிறகுதான் கேட்க நினைத்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

அன்றைக்கு, கம்ப்யூட்டரை நானே சரிசெய்யலாம் என்றார். மெஷினுக்குச் சிஸ்டம் போடும் ஓ.எஸ். சிடி பீரோவில் இருக்கிறது. தான் போனில் சொல்லச் சொல்ல நான் செய்தால் போதும். அவர் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பழவேற்காட்டு பாய் ஒருவர் இன்டர்நெட் போன் கடை வைத்திருந்தார். நம்ம ஊர்ப் பக்கம் என்பதால் இவர்மேல் பிரியம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்குவாராம். அந்த நேரத்தில் ஒரு போனில் உட்கார்ந்து காசில்லாமல் பேசிக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் கரண்ட் போகும் நேரம் முடிந்து, ஃபேன் திரும்பவும் சுற்ற ஆரம்பித்த பிறகு போன் வந்தது. அத்தை எடுத்தார். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"கம்ப்யூட்டரு வேலயாம். உன்னாண்ட குடுக்க சொல்றான்."

செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். சிடியைப் போட்டு மெஷினை ஆன் செய்தேன். சிடியிலிருந்து ஆரம்பிக்க ஏதாவது ஒரு பட்டனை அழுத்தச் சொல்லி ஒரு வரி வரும், வந்ததும் சொல்லு என்றார். வந்தது, சொன்னேன். ஆனால் இன்டர்நெட் போனில் நான் பேசுவது அங்கே போய்ச் சேரவும், அவர் பேசுவது இங்கே வரவும் ஒரு மூச்சு விடும் நேரம் ஆகும். அவர் 'அழுத்து' என்பது என் காதில் விழுந்தபோது அந்த வரி போய்விட்டிருந்தது. திரும்ப ஆன் செய்தோம், திரும்பவும் போனது. அப்புறம் அவரே சொன்னார்.

"என்ன கேக்காத. வந்தா நீயே அழுத்திடு."

அழுத்தினேன். திரை முழுக்க நீலமானது.

"இன்னா தெரியுது?"

"நீலமா கீது. வெள்ள எழுத்து."

"அவ்ளோதான். இனிமே பயமில்ல."

பயம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. சி டிரைவை மட்டும் அழிக்க வேண்டும், டி டிரைவைத் தொடக்கூடாது. டி-யில்தான் நான் அடித்த பத்திரிகைகள் எல்லாம் இருந்தன. எங்கள் கல்யாண போட்டோக்களும் அதில்தான். திரையில் இரண்டு வரிகள், ஒன்றின்மேல் வெள்ளைப் பட்டை. எந்த வரியில் பட்டை இருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அப்புறம்தான் பட்டனை அழுத்தினேன்.

அது அழிந்து, காப்பி ஆகி, ஒரு தடவை அணைந்து எழுந்தது. அப்புறம் இடது பக்கத்தில் ஒரு எண் வந்தது. வேலை முடிய இன்னும் முப்பத்தொன்பது நிமிடம்.

"எண்ணு கொறஞ்சிகினே வரும். அதுவரிக்கும் நாம ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார்.

செய்ய ஒன்றுமில்லை. ஆனால் போனையும் வைக்க முடியாது, நடுவில் ஏதாவது கேட்கும். அத்தை வந்து கதவோரம் நின்றார்.

"ஆயிடுச்சா?"

"இன்னும் ஆவல அத்த. ஓடிக்கினு கீது."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வடகம் காயுது என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

எங்கள் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. பணம், கேஸ், கரண்ட் பில் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையே பேசியாகிவிட்டது. அப்போது ஒரு ரயில் போனது. எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். அவருக்கும் கேட்டிருக்கிறது. எந்த வண்டி என்று கேட்டார். சூலூர்பேட்டை லோக்கல் என்றேன். போனை ஜன்னல் பக்கம் காட்டச் சொன்னார். கடைசிப் பெட்டி போகும்வரை கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பக் காதில் வைத்தபோது அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அதற்கப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். போன மாதம் ஏணியிலிருந்து சறுக்கி மணிக்கட்டு பிசகிவிட்டதாம். யாரிடமும் சொல்லவில்லையாம். இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்து ரூமில் இருந்தவர்கள் கிண்டல் செய்தார்களாம். இப்போது சரியாகிவிட்டது, அம்மாவிடம் சொல்லாதே என்றார். அங்கே மேல் கட்டிலில் படுத்தால் கூரை கைக்கு எட்டுமாம். எங்கள் வீட்டு ஓடுகளை நினைத்துக்கொண்டு அதைத் தடவிப் பார்ப்பாராம்.

நானும் சொன்னேன். காய்கறி எங்கள் தெருவிலேயே கிடைக்கும். ஆனாலும் சாயங்காலம் ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்குத் தொழிற்பேட்டை ரோட்டுக் கடைக்குத்தான் நான் போவேன். நீலச் சட்டை போட்டு, டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் கும்பலாக ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். பின்னாலிருந்து பார்த்தால் அதில் யாராவது ஒருவர் அவர் மாதிரி இருப்பார். அந்தக் கும்பல் போய் முடியும்வரை கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டு நிற்பேன். இதை யாரிடமாவது சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

திரையில் எண் எவ்வளவு என்று அவர் கேட்டார். பார்த்தேன், ரொம்ப நேரமாக ஒரே எண்ணில் நின்றிருந்தது. நிற்கிறது என்றேன்.

"நிக்கட்டும்" என்றார்.

நடுவில், சிஸ்டம் போட அனுமதிக்கும் சாவி எண்ணைக் கேட்டது. அது பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது. டார்ச் அடித்து, தரையில் மண்டியிட்டுப் படித்தேன். ஒரு இடத்தில் இங்கிலீஷ் 'பி'யா எட்டா என்று தெரியாமல் தேய்ந்திருந்தது. பி போட்டோம், ஏற்கவில்லை. எட்டு போட்டதும் ஏற்றுக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். அந்த ஒரு மூச்சு நேரம் தள்ளி அவர் சிரிப்பு என் காதுக்கு வந்தது.

கடைசியாக, யார் இந்தக் கம்ப்யூட்டரை உபயோகிக்கப் போகிறார்கள், பெயரைப் போடு என்று ஒரு கட்டம் வந்தது. அதுவரைக்கும் அந்த மெஷினில் காக்களூர் கம்பெனியின் கணக்குப் பிரிவு என்றுதான் இருந்தது. யார் பேர் போடட்டும் என்று கேட்டேன்.

"உன் பேருதான். நான் சொல்றேன், அடி."

என் பெயரை அடிக்க எனக்குத் தெரியாதா. இருந்தாலும் அவர் ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கல்யாணமானதிலிருந்து அவர் என்னை 'இந்தா', 'ஏய்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அத்தைக்கு நான் 'யம்மா'. தெருவுக்கு நான் எலக்ட்ரீஷியன் வீட்டுக்காரி. அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், நான் அடித்தேன். எல்லாம் முடிந்ததும், சரியாக இருக்கிறதா என்று என் பெயரை முழுதாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

திரையில் பச்சைப் புல்மேடும் வானமும் வந்தன. டி டிரைவில் எல்லாம் அப்படியே இருந்தன. அங்கே ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. வைக்கிறேன் என்றார்.

அடுத்த நாளே இரண்டு பத்திரிகைகள் அடித்து முடித்தேன். தட்டினால் எழுத்து உடனே வந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் வழக்கம்போல அத்தை கைக்குப் போய், மிச்சம் என்னிடம் வந்தது. பணம் வந்தது என்றேன். சரி சரி என்றார். அடுத்த வாரமும் அப்படியேதான். அதற்கு அடுத்த வாரம், வைக்கப் போகும்போது கேட்டார்.

"கம்ப்யூட்டரு எப்டி ஓடுது?"

"நல்லா ஓடுது."

"நல்லாதான் ஓடுதா?"

அத்தை பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் யோசித்தேன். பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"சவுண்டு வரல."

"அப்டியா" என்றார். குரல் மாறியது எனக்குத் தெரிந்தது. "அதுக்கு வேற ஒண்ணு போடணும். வெள்ளிக்கெழம பாக்கலாம்."

அந்தச் சவுண்டு பல வெள்ளிக்கிழமைகளுக்கு வரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அவசரமும் இல்லை. வெள்ளிக்கிழமை ஆனால் அத்தை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அந்த வீட்டம்மாள் ஒரு தடவை என்னிடம் சொன்னாள், ஏன் சீக்கிரமாக வந்துவிட்டீர்கள் என்று கேட்டதற்கு அத்தை சொன்னாராம்: "அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒடம்பு செரியில்ல. அதுங்க ரெண்டும்தான் பாக்கணும். நான் அங்க இன்னாத்துக்கு."

அடுத்த வருடம் அவர் லீவில் வந்தார். வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மெஷின் முன்னால் உட்கார்ந்து, கூடக் கொண்டுவந்த ஒரு சிடியைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் சவுண்டைச் சரிசெய்துவிட்டார். அணைத்துத் திரும்பப் போட்டபோது, ஆரம்பிக்கும் அந்த இசை வீடு முழுக்கக் கேட்டது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் சொல்லவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை, மவுஸைச் சும்மா நகர்த்திக்கொண்டே இருந்தார்.

லீவு முடிந்து போனார். அந்த வருடம் முழுக்க அந்த மெஷினில் ஒரு கோளாறும் வரவில்லை, வெள்ளிக்கிழமை போனும் வரவில்லை.