நடுக்கடலில் கழி ஊன்றிய ராஜகுமாரன்

கம்ப்யூட்டரில் உருவங்களை அசைய வைப்பது என் வேலை. மீஞ்சூரில் ரயிலேறி தினமும் சென்னைக்குப் போகிறேன். ஏரியில் இறால் பிடிக்கிற எங்கள் நைனா அதை ஒரு வேலை என்று ஒப்புக்கொண்டதே இல்லை. "இன்னாம்மா, இன்னிக்கு எத்தினி பொம்மய ஆட்டுனே?" என்பார்.

போன வருஷம் நாங்கள் செய்த படம் வெளியானது. தும்மினால் தவளையாகிவிடும் ராஜகுமாரி, அவளைக் காப்பாற்றப் புறப்படும் பயந்தாங்கொள்ளி ராஜகுமாரன். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிற படம். அவன் படகில் கடல் கடக்கும் காட்சி முழுக்க என் கைவேலை. அதைப் பார்த்து நைனா ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவேண்டும் என்று எனக்கு வெட்கங்கெட்ட ஆசை. அம்மாவையும் அவரையும் தியேட்டருக்கு இழுத்துப் போனேன். ஏசி பட்டால் தூங்கிவிடுவார் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தேன்.

காட்சி வந்தது. ராஜகுமாரன் படகில் நின்று, நீளமான கழியை ஊன்றித் தள்ளுகிறான். படகுக்கு அடியில் ஒரு திமிங்கலம் குடும்பத்தோடு நீந்திப் போகிறது.

நைனா எழுந்தே விட்டார். "அடப்பாவி! கீழ திமிங்கலம் போவுது, இவன் கழி ஊனுறான்! தரை எங்கடா கீது?"

தியேட்டரே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. எங்கள் ஏரியின் இடுப்பளவுத் தண்ணீரில் வளர்ந்தவள் நான். படகு என்றால் எனக்குக் கழிதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், நான் ஒரு ராஜகுமாரனையே விட்டிருக்கிறேன். ஆபீஸில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர்களில் யார் படகில் நின்றிருக்கிறார்கள்?

"யோவ், குந்து. அவன் தோளப் பாரு" என்றாள் அம்மா.

ஒவ்வொரு முறை கழியை ஊன்றுமுன்பும் ராஜகுமாரன் இடது தோளை ஒரு குலுக்குக் குலுக்கினான்.

"அது நீதான்யா."

நைனா உட்கார்ந்தார். படம் முடியும்வரை தூங்கவே இல்லை. கோபமோ என்னவோ. திரும்பி வரும் பஸ்ஸிலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் தோணிரேவு வந்து இறங்கும்போதுதான், இடது தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டு சொன்னார்:

"அடுத்த படத்துல, ஆழமில்லாத எடமாப் பாத்து என்ன எறக்கு."