இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓடிய கணக்கு

இரண்டு இடத்திலும் ஓடும்படி செய்த ஒன்றுக்கு எந்த இடம் சொந்தம்? காரைக்கால் தலத்தெரு சூசைராஜின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டது.

அவர் மனைவி ஞானமேரிக்குத் தகப்பன் வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. 1985இல், கர்ப்பமாக இருந்தபோது, பாரிசிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். விசா வந்ததும் சூசைராஜும் போவதாக ஏற்பாடு.

அப்போது அவர் தாவூதின் ஐஸ் பேக்டரிக்குக் கணக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். அதையே காட்டி அங்கே வேலை தேட எண்ணம். ஆனால் மைத்துனர் வீட்டிலிருந்தது வேறு வகைக் கம்ப்யூட்டர். எனவே இரண்டிலும் ஓடக்கூடிய ஒரு வகைப் பாஸ்கல் என்ற புரோகிராம் மொழியைத் தேர்ந்தெடுத்தார். அது இயந்திரத்தோடு நேராகப் பேசாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பதுபோல மெதுவாக ஓடும். பேக்டரிக்கு அது நல்ல தேர்வு என்று சொல்ல முடியாது. கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள் ஐஸுக்குக் காத்து நிற்க, பில் ஊர்ந்து வந்தது.

"ஐஸ் உருகுறதுக்குள்ள பில்லு வந்துருமா தம்பி?" என்பார் தாவூது.

"அங்கயும் ஓடணும் பாய்."

"அங்கன்னா? பக்கத்துப் பட்டினத்துலயா?"

பாரிஸைச் சொல்கிறார் என்று தெரிந்தேதான் கேட்பார். சூசைராஜும் சிரித்துவிடுவார்.

பாரிசிலிருந்து ஊருக்கு வந்துபோன ஒருவரிடம் புரோகிராம் பதிந்த பிளாப்பியைக் கொடுத்தனுப்பினார். சில வாரங்களில், அங்கே பையன் பிறந்த பிறகு, பேக்டரிக்குப் போன் வந்தது. "ஓடுதுங்க," என்றாள் ஞானமேரி. "பையன் மடியில கெடந்து அதையே பாக்குறான்."

பிறந்த மூன்றாம் மாதம் குழந்தை காய்ச்சலில் இறந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். சூசைராஜ் மகனைப் பார்த்ததில்லை. பார்த்த யாரும் இந்த ஊரில் இல்லாததால், துக்கம் கேட்க வந்தவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு விசா வந்தது.

எல்லாரும் அவர் பெட்டி கட்டுவார் என்று நினைத்தார்கள். அவரோ பேக்டரியில் உட்கார்ந்து, அந்தக் கணக்கு முழுவதையும் அங்கிருந்த கம்ப்யூட்டருக்கே உரிய அசெம்பிளி மொழியில் திரும்ப எழுதினார். வேறு எந்த இயந்திரத்திலும் அது ஓடாது. பழைய பிளாப்பிகளை அழித்தார். விசாவின் கெடுவும் முடிந்தது. ஞானமேரி போனில் அழுது கேட்டபோதும் அவர் காரணம் சொல்லவில்லை.

தாவூது ஒருமுறைதான் கேட்டார். "போவலியா தம்பி?"

"இனிமே இங்க மட்டும் ஓடுனாப் போதும் பாய். பில்லு இப்பச் சீக்கிரம் வருதான்னு பாருங்க."