பக்கத்து நாற்காலிக்குத் திரும்பிய ஸ்பீக்கர்

நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். ரயில் எஞ்சினுக்கு முன்னால் யானை வந்து நின்றது என்பேன். என் மகள் அதை ஆடாக்கிவிடுவாள். இதில் மட்டும் கழிக்க ஒன்றுமில்லை. நடுராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை. மழை பிடித்த ஒரு சாயங்காலம், ஆறே முக்கால் மணி, என் வீட்டிலேயே ஓர் அறை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் ரயில் ஓட்டியவன். ராத்திரி நான் எங்கேயோ, என் மனைவி வீட்டில் ரேடியோவோடு. வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஓர் அறையை ஒதுக்கினோம். நாற்காலி இரண்டு வாங்கினோம். ஸ்பீக்கரில்தான் சண்டை வந்தது.

அவள் ஆக்டிவ் கட்சி. அதில் ஆம்ப்ளிபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கரண்ட் கொடுத்தால் பாடும். நான் பேசிவ் கட்சி. அதற்கு ஆம்ப்ளிபயர் வெளியே தனியாக. வயர் இழுத்துக் கொடுத்தால்தான் பாடும். வயரைக் கழற்றிவிட்டால் அது வெறும் மரப்பெட்டி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"பேசிவ்னா ஆம்ப்ளிபயரை அப்புறம் மாத்திக்கலாம்டி."

"மாத்திக்கிட்டே இருங்க. நான் வயர் தடுக்கி விழுந்து பல்லை உடைச்சுக்கறேன்."

இந்தச் சண்டை ஆரம்பித்தபோது தொட்டிலில் கிடந்த பக்கத்து வீட்டுக் குழந்தை, வளர்ந்து, பேசக் கற்று, அவள் கட்சியில் சேர்ந்துகொண்டது. அவ்வளவு நீளம்.

எனக்கு ஓய்வு கிடைப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள். சண்டை மட்டும் பாதியில் நின்றது. எதை வாங்கினாலும் அது முடிந்துவிடும். அவளோடு பேச மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதனால் வாங்காமலேயே தள்ளிப்போட்டேன்.

மகள் பொறுக்கவில்லை. ஸ்பீக்கர் கடைக்காரரிடம் என்னை இழுத்துப் போனாள். ஊரில் அவருக்குப் பெயர் டெசிபல். மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர்.

"டிரைவர் சார், ரெண்டு ஜோடியும் வீட்டுக்கு அனுப்பறேன். ஆக்டிவ் புதுசு. பேசிவ் கை மாறி வந்தது, ஆனா தங்கம். ஒரு வாரம் கேளுங்க."

"ரயில் ஹாரன்ல பாதிக் காது போயிடுச்சு இவருக்கு," என்றாள் மகள். "ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும்."

பெட்டிகள் வந்தன. பேசிவ் பெட்டியின் கனத்தில் தரை ஒரு விரற்கடை இறங்கியது. (சரி, இதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

முதலில் ஆக்டிவ். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி சுத்தமான ஒலி. அப்புறம் கூடவே வந்த ஆம்ப்ளிபயரிலிருந்து பேசிவுக்கு வயர் மாட்டினேன். ஐயோ... பாடகர் மூச்சிழுப்பது கேட்டது. காலையில் அவர் என்ன சாப்பிட்டார் என்பதுகூடக் கேட்டது. யாரோ அறைக்குள்ளேயே இருப்பது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா?"

"நல்லா இருக்குப்பா," என்றாள். குரல் கம்மியிருந்தது. அம்மா ஞாபகம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஒரு சின்ன விஷயம். ஸ்பீக்கர் இரண்டையும் கேட்பவனைப் பார்த்துத் திருப்பி வைப்பது வழக்கம். என் நாற்காலியைப் பார்க்க வைத்து, தரையில் டேப் ஒட்டிக் குறித்திருந்தேன். பேசிவ் ஜோடி மட்டும் திரும்பியிருந்தது. பக்கத்து நாற்காலியைப் பார்த்து.

கூட்டுகிற அம்மா நகர்த்தியிருப்பார் என்று சரி செய்தேன்.

மறுபடியும் திரும்பியிருந்தது. அன்று அந்த அம்மா வேலைக்கே வரவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம் வந்தது. அது அவளுடைய நாற்காலி. அதன்பிறகு நான் பெட்டிகளைத் திருப்பவில்லை. நாற்காலியைத் துடைத்து வைத்தேன்.

கடைசி நாள். மழை. மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று பேசிவ் பெட்டிகளின் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஆக்டிவின் சிவப்பு விளக்கும் அணைந்தது.

இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இடது பக்கப் பெட்டியில்... 'டொப்'.

மழைத்துளி இல்லை. பெட்டிக்குள்ளிருந்து.

கிட்டே போய் ஸ்பீக்கரின் காகிதச் சவ்வில் விரலை வைத்தேன். அசைந்தது. உள்ளே... வெளியே... உள்ளே... மூச்சு விடுவது மாதிரி.

"நீதானா?" என்றேன். "ஆக்டிவே வாங்கிடறேன். ஒரு வார்த்தை பேசு."

மூச்சு நின்றது.

ஓர் இருமல்.

ஆண் இருமல்.

பேய் வந்துவிட்டது. ஆனால் என்னுடையது இல்லை.

"கண்ணு... கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உக்காரு."

கிழட்டுக் குரல். கெஞ்சுகிற குரல்.

பக்கத்து நாற்காலியை நான் பார்க்கவில்லை.

"இப்பக் கேக்குதா?"

மழை.

"கேக்குதா... கண்ணு?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் குரல் உடையத் தொடங்கியது.

"கேக்குதா...?"

என்னால் தாங்க முடியவில்லை.

"கேக்குது," என்றேன்.

ஒரு நீண்ட மூச்சு. அவ்வளவுதான். விரலுக்கடியில் சவ்வு அடங்கியது.

கரண்ட் வந்தது.

காலையில் டெசிபல் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், மன்னிச்சுக்கங்க. ஒரே மாதிரி ரெண்டு ஜோடி இருந்துச்சு. ரிப்பேருக்கு வந்ததைத் தூக்கி உங்களுக்கு ஏத்திட்டேன். இதுல உள்ள இருக்கற காயில் கம்பி எரிஞ்சு ரொம்ப நாளாச்சு. பொட்டுச் சத்தம் வராது. ஒரு வாரமா என்ன சார் கேட்டீங்க?"

மகளுக்குப் போன் போட்டேன். டெசிபல் சொன்னதைச் சொன்னேன். அவள் சொன்னாள்.

"அப்பா... அன்னைக்கு அந்தப் பெட்டியில எனக்கு ஒண்ணுமே கேக்கலை. நீங்க கண்ணை மூடிச் சிரிச்சிட்டு இருந்தீங்க. சொல்ல மனசு வரலை."

பெட்டி யாருடையது என்று டெசிபலிடம் கேட்டேன். ஒரு வயதான தம்பதி. மனைவிக்குக் காது போய்விட்டது. எப்படியாவது கேட்க வைத்துவிட வேண்டும் என்று, தினமும் அந்த அம்மாவை நாற்காலியில் சரியாக உட்கார வைத்து, சத்தத்தைக் கூட்டிக் கூட்டியே காயிலை எரித்தாராம் கணவர். அதே மாதம் இறந்தும் போனார். அந்த அம்மா அதற்குப் பிறகும் தினமும் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். மகன் பார்த்துவிட்டு ரிப்பேருக்கு அனுப்பினான்.

டெசிபல் அதைச் சரி செய்து அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டார். இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் டெசிபலைத் தெருவில் பார்த்தேன். அன்று அவர் மெதுவாகப் பேசினார்.

"அந்தம்மா பெட்டியைத் திருப்பி அனுப்பிட்டாங்க சார். வீட்டுக்காரர் செத்ததுக்கப்புறமும் பெட்டிக்குள்ளேர்ந்து தினமும் பேசுவாராம், நல்லாக் கேட்டுச்சாம். நம்மகிட்டேருந்து திரும்பிப் போனதிலேர்ந்து பேசறதில்லையாம். என்னத்த எடுத்தீங்கன்னு என்னைக் கேக்கறாங்க."

'கேக்குது' என்ற சொல்லைத் தன் மனைவியிடமிருந்து கேட்கத்தான் அந்தக் கிழவர் காத்திருந்தார்; அதை நான் சொல்லிவிட்டேன், அவர் போய்விட்டார்.

ஆக்டிவ்தான் வாங்கினேன். அவள் ஜெயித்துவிட்டாள். சாயங்காலம் பாட்டை நிறுத்திவிட்டு, பக்கத்து நாற்காலியிடம் "கேக்குதா?" என்று கேட்பேன்.

கேட்பதற்கு முன்னால் அறைக் கதவைச் சாத்திவிடுகிறேன். வேறு யாரும் பதில் சொல்லிவிடக் கூடாது.